யோசெமிட்டி ஆற்றங்கரை முகாம்: சிங்கப்பூரிலிருந்து போகிறவர்களுக்கான முன்பதிவும் விதிகளும்

கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில், மெர்சிட் ஆற்றங்கரையில் கூடாரமடித்துத் தங்குவதற்கு அமெரிக்கராக இருக்க வேண்டிய அவசியமில்லை. பதினெட்டு வயது நிரம்பிய எவரும், எந்த நாட்டுக் கடப்பிதழ் வைத்திருந்தாலும், அமெரிக்க அரசாங்கத்தின் முன்பதிவுத் தளமான ரெக்ரியேஷன் டாட் கவ் வழியாக இடம் எடுக்கலாம். ஓர் இரவுக்கு ஓர் இடத்தின் கட்டணம் 36 டாலர். (இக்கட்டுரையில் வேறு விதமாகச் சொல்லாத இடங்களில் டாலர் என்பது அமெரிக்க டாலரே.) முகவர் யாரும் தேவையில்லை. இடம் பிடித்துத் தருவதாகச் சொல்லிக் கூடுதல் பணம் கேட்பவர்களை நம்பவும் வேண்டாம். முன்பதிவை விற்பதும் கைமாற்றுவதும் அங்கே தடை செய்யப்பட்டவை.

உரிமை எல்லோருக்கும் ஒன்றுதான் என்றாலும் இடங்கள் குறைவு. ஆறு ஓடும் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் வாகனத்தோடு தங்கக்கூடிய முகாம்கள் மூன்று: அப்பர் பைன்ஸ், லோயர் பைன்ஸ், நார்த் பைன்ஸ். ஆற்றை ஒட்டிய இடம் வேண்டுமானால் பின்னவை இரண்டில் தேடுங்கள். முன்பு அப்பர் ரிவர், லோயர் ரிவர் என்று இன்னும் இரண்டு முகாம்கள் கரையிலேயே இருந்தன. 1997 ஜனவரியில் வந்த பெருவெள்ளம் அவற்றை அழித்துவிட்டது. பள்ளத்தாக்கின் முகாம் இடங்களில் ஏறத்தாழ பாதி அந்த ஒரு வெள்ளத்தில் போயின. வருகிறவர்கள் கூட்டம் குறையவில்லை. அதனால்தான் இன்று கோடைக்கால இடங்கள் விற்பனைக்கு வந்த சில நிமிடங்களிலேயே தீர்ந்துவிடுகின்றன.

ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவிலோ பாசிர் ரிஸ் பூங்காவிலோ கூடாரம் போட்டுப் பழகியவர்கள் இங்கேதான் ஏமாந்துபோகிறார்கள். நம் ஊரில் முகாம் அனுமதிக்குக் கட்டணமே இல்லை; கொஞ்ச நாள் முன்னால் நினைத்துக்கொண்டாலும் போதும். யோசெமிட்டிக்கு விமான டிக்கெட் வாங்குவதற்கு முன்பே முகாம் இடத்தை எடுத்தாக வேண்டும்.

முன்பதிவு மாதந்தோறும் 15-ஆம் தேதி, கலிஃபோர்னியா நேரப்படி காலை 7 மணிக்குத் திறக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரு மாத அளவுக்கான நாள்கள் ஒரே மூச்சில் விற்பனைக்கு வரும். நம் ஜூன் பள்ளி விடுமுறையை எடுத்துக்கொள்வோம். மே 15 முதல் ஜூன் 14 வரை போய்ச் சேருகிறவர்களுக்கான இடங்கள் ஜனவரி 15 அன்று திறக்கும். ஜூன் 15 முதல் ஜூலை 14 வரை என்றால் பிப்ரவரி 15. அதாவது, பொங்கல் முடிந்த கையோடு ஜூன் விடுமுறைக்கான முன்பதிவில் உட்கார வேண்டும்.

நேர வித்தியாசம் நமக்குச் சாதகமாகவே இருக்கிறது. நவம்பர், டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி மாதங்களின் 15-ஆம் தேதியில் அங்கே காலை 7 மணி என்பது சிங்கப்பூரில் அதே நாள் இரவு 11 மணி. மார்ச் முதல் அக்டோபர் வரை அமெரிக்கர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைப்பதால் நமக்கு இரவு 10 மணி. விடியற்காலையில் எழ வேண்டியதில்லை, வேலையிலிருந்து விடுப்பு எடுக்க வேண்டியதில்லை; பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு நிதானமாக உட்காரலாம். ஆனால் ஜனவரி 15 அன்று 10 மணிக்கே காத்திருந்து ஒன்றும் திறக்கவில்லை என்று மூடிவிட்டுப் போகாதீர்கள். அந்த ஒரு மணி நேரக் குழப்பத்தில் ஆண்டுப் பயணமே கைவிட்டுப் போகும்.

அன்றைய இரவுக்கு முன்பே தளத்தில் கணக்கு திறந்து, கடன் அட்டை விவரங்களைத் தயாராக வைத்திருங்கள். முகாமின் வரைபடத்தைப் பார்த்து, பிடித்த இடங்களின் எண்களை ஏழெட்டு எழுதிக்கொள்ளுங்கள். முதல் எண் போனதும் அடுத்ததற்குத் தாவத் தெரியாமல் தடுமாறுகிறவர்கள்தான் வெறுங்கையோடு எழுகிறார்கள். ஓர் இடம் உங்கள் கூடையில் விழுந்துவிட்டால் பணம் கட்டி முடிக்கப் பதினைந்து நிமிடம் அவகாசம் உண்டு. அதுவரை வேறு யாரும் அதை எடுக்க முடியாது. ஆகவே கூடையில் விழும்வரை வேகம், விழுந்த பிறகு பொறுமை. நார்த் பைன்ஸ் இடங்களுக்கு அண்மை ஆண்டுகளில் முன்கூட்டியே ஒரு குலுக்கலும் நடத்தியிருக்கிறார்கள். அதற்கு விண்ணப்பிக்க 10 டாலர். இடம் கிடைக்காவிட்டாலும் அந்தப் பணம் திரும்பாது.

ஓர் இடத்தில் பிள்ளைகளையும் சேர்த்து ஆறு பேர்தான் தங்கலாம். கைக்குழந்தையும் ஒரு தலை. தாத்தா பாட்டியோடு ஏழு பேராகப் போகிற குடும்பம் இரண்டு இடங்கள் எடுத்தாக வேண்டும். மே 1 முதல் செப்டம்பர் 15 வரையிலான காலத்தில் ஒருவர் பூங்காவில் மொத்தம் 14 இரவுகள் தங்கலாம். அதில் பள்ளத்தாக்கில் 7 இரவுகளுக்கு மேல் கூடாது. நம் பயணங்களுக்கு இது தாராளம்.

உறவினர் விஷயத்தில் கொஞ்சம் நின்று நிதானித்துப் படிக்க வேண்டும். சான் ஹோசேயிலோ ஃப்ரீமான்டிலோ தம்பியோ மைத்துனரோ இல்லாத சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பம் குறைவு. 'நீயே எடுத்து வைத்துவிடு' என்று அவரிடம் சொல்வது இயல்பு. ஆனால் யார் பெயரில் முன்பதிவு இருக்கிறதோ அவர் நேரில் வந்து, புகைப்பட அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். தம்பி பெயரில் எடுத்துவிட்டு, தம்பிக்கு அலுவலகத்தில் விடுப்பு கிடைக்காமல் போனால், உங்கள் கடப்பிதழைக் காட்டி உள்ளே போக முடியாது. தம்பியும் கட்டாயம் வந்து தங்குவதாக இருந்தாலொழிய உங்கள் பெயரிலேயே எடுங்கள். கடப்பிதழில் உள்ள பெயரை அப்படியே எழுதுங்கள். வீட்டில் அழைக்கும் பெயரும் தந்தை பெயரின் முதலெழுத்தும் நம்மிடையே பலருக்குக் குழப்பம் தருபவை. வனக்காவலர் முன்னால் நின்று அதை விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம்.

முகாம் கட்டணத்தில் பூங்காவின் நுழைவுக் கட்டணம் சேராது. ஒரு காருக்கு 35 டாலர், ஏழு நாள் செல்லும். 2026 ஜனவரி 1 முதல் இதற்கு மேல் இன்னொன்றும் வந்திருக்கிறது. யோசெமிட்டி உட்படக் கூட்டம் மிகுந்த 11 தேசியப் பூங்காக்களில், அமெரிக்காவில் வசிக்காதவர்கள் 16 வயதிலிருந்து தலைக்கு 100 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டும். 250 டாலருக்கு ஓர் ஆண்டு அனுமதிச் சீட்டு வாங்கி வைத்திருப்பவரிடம் இந்த நூறைக் கேட்பதில்லை.

வீட்டுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். அம்மா, அப்பா, தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் இருவர், யோசெமிட்டி மட்டும் என்றால் 200-உம் 35-உம் சேர்த்து 235 டாலர். ஆண்டுச் சீட்டு வேண்டாம். பிள்ளைகளில் ஒருவருக்கு 17 வயது என்றால் தொகை 335 ஆகிவிடும். அதே பயணத்தில் செகோயாவுக்கோ கிராண்ட் கேன்யனுக்கோ போகிறீர்கள் என்றால் அங்கேயும் தலைக்கு நூறு. அப்போது ஆண்டுச் சீட்டே நல்லது. வாங்கும்முன் அதே காரில் உடன் வருபவர்களில் எத்தனை பேர் அதில் சேர்கிறார்கள் என்ற விதியையும் வாசித்துவிடுங்கள். வெளிநாட்டவர் மீது இப்படிச் சுமத்துவது எனக்கு உவப்பாக இல்லை. இயற்கையின் அழகைப் பார்க்க வருகிறவர்களுக்குள் ஊர் பார்த்துக் கட்டணம் பிரிப்பது, நடுத்தரக் குடும்பங்களைத்தான் முதலில் தடுத்து நிறுத்தும். ஆனாலும் விதி விதிதான். வாசலில் போய் அதிர்ச்சியடைவதைவிட வீட்டிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்வது மேல்.

இனி, நான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாகக் கருதும் விதிக்கு வருகிறேன்: உணவை எங்கே வைப்பது என்பது. யோசெமிட்டியில் கருங்கரடிகள் இருக்கின்றன. மனிதர்களைத் தேடி அவை வருவதில்லை, மனிதர்களின் சாப்பாட்டைத் தேடி வருகின்றன. உள்ளே சாப்பாட்டு வாசனை இருந்தால் கார்க் கதவின் மேல்விளிம்பைப் பிடித்து வளைத்துவிடும் வலிமை அவற்றுக்கு உண்டு. 1998-இல் மட்டும் இப்பூங்காவில் 1,500-க்கும் மேற்பட்ட கரடிச் சம்பவங்கள் பதிவாயின. விதிகளை இறுக்கியதும், ஒவ்வொரு முகாம் இடத்திலும் இரும்புப் பெட்டி வைத்ததும் அந்த எண்ணிக்கையைப் பெருமளவு குறைத்திருக்கின்றன.

அந்தப் பெட்டியில்தான் உணவு முழுவதும் இருக்க வேண்டும். பகல் இரவு என்று பார்க்காமல், நாள் முழுவதும். சமைக்கும்போதும் சாப்பிடும்போதும் மட்டும் வெளியே, அதுவும் கைக்கெட்டும் தூரத்தில். பெட்டியைத் திறந்தால் உடனே தாழிட வேண்டும். உணவு என்று அங்கே சொல்வது நாம் நினைப்பதைவிட விரிவானது. பற்பசை, சோப்பு, முகப்பூச்சு, குழந்தையைத் துடைக்கும் ஈரத்தாள், காலிப் பால் புட்டி, குப்பை என வாசனையுள்ள எல்லாமே அதில் அடங்கும். நம் பைகளில் இன்னும் கூடுதலாக என்ன இருக்கும் என்று நமக்குத் தெரியும்: தெக்காவில் வாங்கிய முறுக்குப் பொட்டலம், இட்லிப் பொடி, ஊறுகாய், தலைக்குத் தேய்க்கும் தேங்காய் எண்ணெய், தாத்தாவின் தைலம். அனைத்தும் பெட்டிக்குள் போக வேண்டும். கூடாரத்துக்குள் பிள்ளையின் சட்டைப்பையில் ஒரு மிட்டாய்கூட இருக்கக்கூடாது. பெட்டியின் அளவு ஏறத்தாழ 114 சென்டிமீட்டர் அகலம், 84 ஆழம், 46 உயரம். ஆறு பேரின் பத்து நாள் மளிகையை ஒரே நேரத்தில் வாங்கிக் குவித்தால் கொள்ளாது. உயரமான ஐஸ் பெட்டி உள்ளே நுழையாது, அளந்து வாங்குங்கள்.

மீறினால் 5,000 டாலர் வரை அபராதம் விதிக்கலாம், முகாம் அனுமதியையும் ரத்து செய்யலாம். நம் ஊரில் காட்டுப் பன்றிக்கோ குரங்குக்கோ உணவு போட்டால் முதல் முறையே 5,000 வெள்ளி வரை அபராதம் என்பதை அறிந்தவர்களுக்கு இந்தக் கண்டிப்பு விநோதமாகத் தோன்றாது. ஆனால் அபராதத்துக்காக மட்டும் இதைச் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மனிதச் சாப்பாட்டின் ருசி கண்ட கரடி அஞ்சாமல் திரும்பத் திரும்ப வரும். ஒரு கட்டத்தில் அதைக் கொல்லும் நிலைக்குப் பூங்கா அதிகாரிகள் தள்ளப்படுகிறார்கள். நாம் அலட்சியமாக விட்டுச்சென்ற பொட்டலத்துக்கு அந்த விலங்கு உயிரைக் கொடுக்கிறது.

தீ மூட்டுவதற்கும் நேரம் உண்டு. மே 1 முதல் செப்டம்பர் 30 வரை பள்ளத்தாக்கில் மாலை 5 மணி முதல் இரவு 10 மணி வரை மட்டும், அதற்கான வளையத்துக்குள் மட்டும். கீழே கிடக்கும் சுள்ளியைப் பொறுக்கக்கூடாது. விறகை அங்கேயே கடையில் வாங்க வேண்டும். அடுப்புக்கான எரிவாயுக் குப்பியை விமானத்தில் கொண்டுபோக முடியாது, அதையும் அங்கே வாங்குவதே வழி. இரவு 10 முதல் காலை 6 வரை சத்தம் கூடாது.

ஆற்றைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மெர்சிட் ஆற்றில் ஓடுவது மலைப்பனி உருகிய நீர். மே, ஜூன் மாதங்களில்தான் அது மிகக் குளிர்ந்தும் மிக வேகமாகவும் ஓடும்; நம் பிள்ளைகளுக்கு விடுமுறையும் அப்போதுதான். நீச்சல் குளத்தில் பழகிய பிள்ளை அந்த நீரில் சில நிமிடங்களில் கைகால் விறைத்துப்போகும். பாறையும் வழுக்கும். கரையில் விளையாடும்போது பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பாத்திரத்தையோ துணியையோ ஆற்றில் அலசக் கூடாது. சோப்பு நீரைக் கழிவுநீர் வடிகாலில்தான் ஊற்ற வேண்டும். முகாமில் கழிவறையும் குடிநீரும் உண்டு, குளியலறை இல்லை. குளிக்கக் கட்டணம் கட்டிப் பக்கத்திலுள்ள கரி வில்லேஜ் (Curry Village) என்ற தங்குமிட வளாகத்துக்குப் போக வேண்டும்.

பள்ளத்தாக்கு 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தேசிய சேவையில் காட்டில் படுத்துப் பழகியவர்களுக்கும் அந்தக் குளிர் புதிதாக இருக்கும். ஜூன் இரவிலேயே 10 டிகிரி அளவுக்கு இறங்கும். ஆண்டிறுதி விடுமுறையில் போக நினைத்தால், மூன்று முகாம்களில் அப்பர் பைன்ஸ் மட்டும்தான் திறந்திருக்கும், இரவு உறைநிலைக்குக் கீழே போகும், கார்ச் சக்கரத்துக்குப் பனிச்சங்கிலி கொண்டுபோக வேண்டும். வாடகைக் கார் நிறுவனம் சங்கிலி மாட்ட அனுமதிக்கிறதா என்று முன்பே கேளுங்கள். சிறு பிள்ளைகளோடு முதல்முறை போகிறவர்களுக்கு டிசம்பரை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

15-ஆம் தேதி இரவு இடம் கிடைக்காவிட்டால் கதை முடிந்துவிடவில்லை. முன்பதிவு செய்தவர்களில் பலர் பின்னர் ரத்து செய்கிறார்கள். காலியாகும்போது தகவல் அனுப்பும் வசதி அதே தளத்தில் இருக்கிறது. பயணத்துக்கு முந்தைய சில வாரங்களில் அதைத் திறந்து வையுங்கள். உங்கள் திட்டம் மாறினாலும் உடனே ரத்து செய்துவிடுங்கள். ரத்துக் கட்டணம் 10 டாலர்தான். போய்ச் சேரும் நாளுக்கு முந்தைய நாள் வரை தள்ளிப்போட்டால் முதல் இரவின் கட்டணமும் போய்விடும். சொல்லாமல் போகாமல் இருந்துவிட்டால் 20 டாலரோடு முதல் இரவின் கட்டணமும் போகும், அதோடு இன்னொரு குடும்பத்துக்குக் கிடைத்திருக்க வேண்டிய இடமும் வெறுமனே கிடக்கும்.