அதிகாலைக் காற்று எப்போதும் தூய்மையானதல்ல

காற்றுத் தர முன்கணிப்பு என் தொழில். ஆஸ்துமா இருப்பவர்கள்கூட, விடியற்காலைக் காற்றுதான் சுத்தம் என்று நம்பி, குளிர்காலத்தில் இருள் பிரியுமுன் நடக்கக் கிளம்புவதைப் பார்க்கும்போது பதற்றமாக இருக்கிறது. காற்று அசையாத குளிர்காலத்தில் நாளின் மோசமான நேரங்களில் அதுவும் ஒன்று.

வெயிலில் தரை சூடானால் அதையொட்டிய காற்று மேலெழும்பி, ஒன்றிரண்டு கிலோமீட்டர் உயரம் வரை கலக்கும். புகையும் அதோடு பரந்து நீர்த்துப்போகும். மேகமில்லாத இரவில் தரை வேகமாகக் குளிர்கிறது. கீழே குளிர்ந்த கனமான காற்று, மேலே வெதுவெதுப்பான காற்று என்று அடுக்கு தலைகீழாகிவிடும். அந்த வெப்ப அடுக்கு மூடிபோல் அமர்ந்துகொள்ள, கலப்பு உயரம் நூறு, இருநூறு மீட்டராகச் சுருங்கும். வெளியாகும் புகை கூடாவிட்டாலும் நாம் சுவாசிக்கும் அளவு பல மடங்காகும். 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனில் நடந்தது இதுதான். நிலக்கரிப் புகை அந்நகரத்துக்குப் புதிதல்ல; காற்றை அசையவிடாத உயர் அழுத்த மண்டலம் ஒன்று நகர்ந்துபோகாமல் அதன்மேல் நின்றுவிட்டது. முதலில் சுமார் 4,000 பேர் இறந்ததாகக் கணக்கிட்டார்கள். பிற்கால மதிப்பீடுகள் 12,000 வரை போகின்றன.

அதனால்தான் நாங்கள் மாசு அளவோடு கலப்பு உயரத்தையும் காற்றின் வேகத்தையும் விடாமல் பார்க்கிறோம். அந்த உயரத்தையும் வேகத்தையும் பெருக்கினால், புகை எவ்வளவு எளிதில் கலைந்துபோகும் என்று காட்டும் காற்றோட்டக் குறியீடு கிடைக்கும். அது சரியப்போகிறது என்று வானிலையைக் கணிக்கும் கணினி மாதிரி காட்டினால், வானம் தெளிவாக இருக்கும்போதே எச்சரித்துவிடலாம்.

உள்ளூர் நிலவரம் மட்டும் தெரிந்தால் போதாது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் எரியும் காட்டின் புகை இரவில் உயரத்திலேயே பயணம் செய்து, மறுநாள் வெயில் ஏறிக் கலப்பு தொடங்கும்போது கீழே இறங்கும். அதுவரை தரையிலுள்ள கருவிகளில் அதன் சுவடே இருக்காது. எங்கள் கணிப்பு பெரிதாகப் பிசகுவதும் இங்கேதான்: நாளை எங்கே தீப்பிடிக்கும் என்று எந்த மாதிரிக்கும் தெரியாது.

மழை பெய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் பாதி உண்மைதான். நல்ல மழை பெரிய தூசியைக் கழுவிவிடும். ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சிறிய துகள்களில் பெரும்பகுதி துளிகளிடம் அகப்படாமல் நழுவிவிடும். வெறும் தூறலால் பெரிய பயன் இல்லை.

கைபேசியில் காட்டும் காற்றுத் தரக் குறியீட்டு எண்ணையும் கவனித்துப் படியுங்கள். இந்தியா உட்படப் பல நாடுகளில் நுண்துகளுக்கான குறியீடு 24 மணி நேரச் சராசரி. காலை ஆறு மணிக்கு அது காட்டுவதில் பெரும்பகுதி நேற்றைய காற்று. வெளியே போகும் நேரத்தைத் தீர்மானிக்க மணிக்கணக்கான முன்கணிப்பைத்தான் பார்க்க வேண்டும். குளிர்காலத்தில் வெயில் நன்றாக ஏறிய பிறகு நடப்பது பெரும்பாலும் நல்லது.

கோடையில் இந்தக் கணக்கு மாறும். வாகனப் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளும் ஆவியாகும் கரிமச் சேர்மங்களும் வெயிலில் வினைபுரிந்து, மூச்சுக்குழாயில் எரிச்சலூட்டும் ஓசோனாகின்றன. பிற்பகலில் அது உச்சம் தொடும். அப்போது காலை நடையே மேல். நுண்துகளை வடிகட்டும் என்95 முகக்கவசம் ஓசோனைத் தடுக்காது, அது வாயு. ஓசோன் எச்சரிக்கை வந்த நாளில் குழந்தைகளின் மாலை விளையாட்டை, வெயில் நன்கு தணியும்வரை தள்ளிவையுங்கள்.