"நான் யாரு, சொல்லுங்க" என்று தயவுசெய்து கேட்காதீர்கள்

இந்த மாதத்தில் மட்டும் இது மூன்றாவது. பக்கவாதம் வந்து பேச்சு போன கணவரைப் பேச்சுப் பயிற்சிக்கு என்னிடம் அழைத்து வந்த அம்மா, அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே என்னிடம் சொல்கிறார்: "26 வருஷம் கூடவே இருந்தேன் மேடம். இப்போ என்னைத் தங்கச்சி பேர் சொல்லிக் கூப்பிடுறார். மனசுல நான் இருந்தா என் பேரு மறக்குமா?" கணவர் தலையைக் குனிந்துகொண்டார். பேச்சுதான் போயிருக்கிறது, காது போகவில்லை.

பெயர் வாயில் வராதது வேறு, ஆளை மறப்பது வேறு, அன்பு குறைவது வேறு. மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு எத்தனை பேர் வீட்டில் அழுகிறார்கள்! மூளை அடிபட்டதால் பேச்சு போவதை அஃபேசியா என்பார்கள். அதில் பெரும்பாலும் சொல்லைத் தேடி எடுக்கிற வழிதான் அடிபடுகிறது. தேடுகிற சொல் கிடைக்காமல் அதற்குப் பக்கத்தில் இருக்கிற சொல் வந்து விழும். மனைவி பெயரைத் தேடினால் தங்கை பெயர், அம்மா பெயர், மகள் பெயர் வரும். எல்லாமே அவருக்கு நெருங்கியவர்களின் பெயர்கள்தானே? 1861இல் பிரெஞ்சு மருத்துவர் பால் ப்ரோக்கா பார்த்த நோயாளிக்கு வாயில் வந்தது பெரும்பாலும் 'டான்' என்ற ஒரே ஒலிதான், ஆனால் மற்றவர்கள் பேசியதில் பெரும்பகுதி அவருக்குப் புரிந்தது. 160 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, இன்னும் நாம் பேச்சை வைத்துத்தான் மனசை அளக்கிறோம்.

"என் பேர் வரல, திட்டு மட்டும் நல்லா வருதே" என்பார்கள் சிலர். வரும். திட்டு, எண்ணிக்கை, பழகிய பாட்டு எல்லாம் யோசிக்காமல் வாயில் வருபவை, பல நேரம் அவை பாதிப்பிலிருந்து தப்பிவிடும். உங்கள்மேல் வெறுப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். காரணமில்லாமல் அழுவது, சிரிப்பது, எதிலும் ஆர்வமில்லாமல் உட்கார்ந்தே இருப்பது இவையும் மூளை அடிபட்டதால் வரலாம். மனச்சோர்வாகவும் இருக்கலாம், அதற்கு மருந்து உண்டு, மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் கை நீட்டி அடித்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், பொறுத்துப்போவதுதான் அன்பு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

விருந்தாளி முன்னால் "நான் யாரு, சொல்லுங்க" என்று பரீட்சை வைக்காதீர்கள். டிவியை அணைத்துவிட்டு எதிரில் உட்காருங்கள். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி, அதுவும் ஆமாம், இல்லை என்று தலையாட்டிப் பதில் சொல்லக்கூடியதாக இருக்கட்டும். கேட்டுவிட்டுப் பத்து வினாடியாவது காத்திருங்கள், அவர் ஆரம்பித்த சொல்லை நீங்கள் முடிக்காதீர்கள். கத்திப் பேசவே வேண்டாம். அப்புறம், பார்த்துக்கொள்கிற நீங்களும் தூங்க வேண்டும். ஒரு நாள் எரிச்சல் வந்துவிட்டது என்பதற்காக, எனக்குத்தான் பாசம் குறைந்துவிட்டதோ என்று உங்களை நீங்களே குற்றவாளி ஆக்கிக்கொள்ளாதீர்கள், அது அலுப்பு.

அன்று அந்த அம்மா அழுததில் இருமல் வந்துவிட்டது. நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். வலது கை விழுந்துபோன அந்த மனிதர், இடது கையால் தனக்கு வைத்திருந்த தண்ணீர் டம்ளரை மேசைமேல் மெதுவாகத் தள்ளித் தள்ளி, கொஞ்சம் சிந்தி, மனைவி பக்கம் கொண்டுபோய் நிறுத்தினார். அந்த அம்மா கவனிக்கவில்லை. நான்தான் தொட்டுக் காட்டினேன்.