சேர்வராயன் கோயிலில் தொலைந்த 90 மீட்டர்

ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் ஏரியில் படகு விடுவார்கள், பகோடா பாயிண்டில் நின்று போட்டோ எடுப்பார்கள். எங்கள் வீட்டில் போன் சண்டை போடுவார்கள். அக்கா வீட்டுக்காரர் எண்பதாயிரம் ரூபாய்க்கு ஐபோன் வாங்கியதில் இருந்து இது நடக்கிறது. தம்பியிடம் இருப்பது பதின்மூன்றாயிரத்து ஆண்ட்ராய்டு. கேமரா, பேட்டரி, சார்ஜர் என்று எல்லா ரவுண்டும் முடிந்துவிட்ட நிலையில், போன மே மாதம் சேர்வராயன் கோயில் உச்சியில் புதிதாக ஒரு ரவுண்டு தொடங்கியது.

குகைக்குள் குனிந்து போய்ச் சாமி கும்பிட்டு வெளியே வந்ததும், "இப்போ எவ்வளவு உயரத்துல நிக்கிறோம்?" என்று அக்கா மகள் கேட்டாள். இருவரும் போனை எடுத்தார்கள். மாமா போனில் 1,619 மீட்டர். தம்பி போனில் 1,531. ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்த்தோம். இரண்டும் ஒன்றிரண்டு மீட்டர் ஆடினவே தவிர, நெருங்கி வரவில்லை.

"டேய், நீ வாங்கினது போன் இல்லை, பொம்மை."

"இல்லை மாமா, உங்க போனுக்கு எல்லாத்தையும் ஏத்திச் சொல்றதே பழக்கம். விலை மாதிரி."

வேன் ஓட்டி வந்த அண்ணன் மூன்றாவதாக ஒரு தீர்ப்புச் சொன்னார்: "சேலத்துல வெள்ளைக்கல் மலை இருக்குல்ல, மேக்னசைட்டு. அந்தக் காந்தம் இழுக்குதுங்க. எல்லா போனும் இங்க தடுமாறும்." சேலத்துக்காரர்கள் பாதிப் பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள், பெயர் செய்த குழப்பம். மேக்னசைட் என்பது மக்னீசியம் கார்பனேட். காந்தத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. காந்தக் கல் வேண்டுமென்றால் கஞ்சமலைக்குப் போக வேண்டும். அங்கே இருப்பது மேக்னடைட், அசல் இரும்புத் தாது. அதன் மேல் நின்றாலும் போனில் திசைகாட்டி முள்தான் குழம்பும், உயரம் குழம்பாது. ஜிபிஎஸ் காந்தத்தைக் கேட்டு வேலை செய்வதில்லை.

எனக்கும் அங்கே பதில் தெரியவில்லை. துப்பு கிடைத்தது இரவு வீட்டுக்கு வந்து தட்டுவடை செட் தின்று கொண்டிருக்கும்போது. சும்மா இருக்கட்டும் என்று இரண்டு போனையும் மொட்டை மாடியில் வைத்துப் பார்த்தேன். மாமா போன் 283. தம்பி போன் 190. மலை உச்சியில் 88 மீட்டர் வித்தியாசம், சேலத்தில் 93. ஜிபிஎஸ்ஸின் வழக்கமான ஆட்டத்தைக் கழித்துவிட்டால், இரண்டு இடத்திலும் ஒரே வித்தியாசம்தான்.

இதை எங்கள் தெரு தையல்காரரிடம் சொல்லியிருந்தால் உடனே கண்டுபிடித்திருப்பார். டேப் இழுபட்டுப் போயிருந்தால், அளக்கும் நீளம் கூடக் கூடப் பிழையும் கூடும். டேப்பின் நுனி கிழிந்து போயிருந்தால், எதை அளந்தாலும் பிழை ஒரே அளவுதான். இங்கே நடந்திருப்பது இரண்டாவது. இரண்டு போனும் சரியாகத்தான் அளக்கின்றன, ஆனால் சைபரை வேறு வேறு இடத்தில் வைத்துக்கொண்டு அளக்கின்றன.

உறுதி செய்துகொள்ள என் பழைய போன் இருந்தது. அதில் காற்றழுத்தமானி உண்டு. சேலத்தில் 976 ஹெக்டோபாஸ்கல், உச்சியில் 837 என்று குறித்து வைத்திருந்தேன். மே மாத வெக்கையில் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் ஏறக்குறைய 9.6 மீட்டர் ஏறியிருக்கிறோம் என்று அர்த்தம். கணக்குப் போட்டால் 1,330 சொச்சம் வருகிறது. மாமா போனின் ஏற்றம் 1,336, தம்பி போனின் ஏற்றம் 1,341. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறியதை மூன்று போனும் ஒரே குரலில் சொல்கின்றன. (அடிவாரத்தில் சப்பையாக இருந்த சிப்ஸ் பாக்கெட் மேலே போனதும் தலையணை மாதிரி உப்பியதும் இதே காற்றழுத்தக் கதைதான்.)

சரி, சைபர் எங்கே இருக்கிறது?

ஜிபிஎஸ் எப்படி வேலை செய்கிறது என்று பலருக்கும் தெரிந்திருக்கும். 20,200 கிலோமீட்டர் உயரத்தில் செயற்கைக்கோள்கள் நேரத்தைச் சொல்லிக்கொண்டே சுற்றுகின்றன. சிக்னல் வந்து சேர எடுத்த நேரத்தை வைத்துத் தூரம் தெரியும். நான்கு தூரம் தெரிந்தால் நாம் இருக்கும் புள்ளி கிடைத்துவிடும். நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். கிடைப்பது பூமியின் மையத்தில் இருந்து கணக்கிட்ட ஒரு புள்ளி. கடல் எங்கே இருக்கிறது என்று செயற்கைக்கோளுக்குத் தெரியாது. அதனால் கணக்குக்கு வசதியாக, பூமிக்குப் பதில் ஒரு வழவழப்பான வடிவத்தை வைத்துக்கொள்கிறார்கள். மேலும் கீழும் லேசாக அமுக்கிய ஏற்காட்டு ஆரஞ்சு என்று நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஆரம் 6,378.137 கிலோமீட்டர், துருவத்தில் அதைவிட 21 கிலோமீட்டர் குறைவு. தம்பி போனில் இருந்த செயலி இந்த ஆரஞ்சின் தோலில் இருந்து உயரத்தைச் சொன்னது. ஆண்ட்ராய்டு காலங்காலமாகச் செயலிகளுக்குக் கொடுத்து வந்த எண் அதுதான். கடல்மட்ட உயரத்தை ஆண்ட்ராய்டு 14இல்தான் தனியாகச் சேர்த்தார்கள். மாமாவின் ஐபோன் முதலிலேயே கடல்மட்டத்துக்கு மாற்றிவிட்டுக் காட்டுகிறது.

அப்படியானால் சேலத்தில் கடல்மட்டம் அந்த ஆரஞ்சுத் தோலுக்கு 90 மீட்டர் கீழே இருக்கிறது. எனக்குத் தூக்கம் போனது இந்த இடத்தில்தான்.

முதலில், சேலத்தில் ஏது கடல்மட்டம்? கடல் இருப்பது நாகப்பட்டினத்தில். ஒரு கற்பனை செய்யலாம். எங்கள் வாசலில் 280 மீட்டருக்கு ஒரு கிணறு. அதன் அடியில் இருந்து பூமிக்குள்ளேயே நாகப்பட்டினம் வரை ஒரு வாய்க்கால். கடல் தண்ணீர் உள்ளே வந்து, ஓட்டமெல்லாம் அடங்கி, கிணற்றில் எந்த மட்டத்தில் நிற்கிறதோ அதுதான் சேலத்தின் கடல்மட்டம்.

இது கொத்தனார்கள் தினமும் செய்கிற வேலைதான். அக்கா வீடு கட்டும்போது பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன். கண்ணாடி மாதிரி தெரியும் பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்புவார்கள். உள்ளே குமிழி நின்றால் குழாயை விரலால் சுண்டிச் சுண்டி வெளியேற்றுவார்கள். ஒரு முனையை ஹாலில் ஒருவர் பிடிப்பார், மறு முனையைச் சமையலறையில் இன்னொருவர் பிடிப்பார். நடுவில் சுவர் இருக்கிறது, ஒருவரை ஒருவர் பார்க்கக்கூட முடியாது. தண்ணீர் ஆடி நின்றதும் இரண்டு பக்கமும் பென்சிலால் கோடு. டியூப் லெவல் என்று பெயர். நாகப்பட்டினம் முனையைக் கடலில் போட்டுவிட்டு, மறு முனையைச் சேலத்தில் பிடித்தால் அதுதான் என் வாய்க்கால்.

இனி அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். தண்ணீருக்கு வடிவியல் தெரியாது, ஆரஞ்சும் தெரியாது. தெரிந்தது ஒன்றே ஒன்று: எந்தப் பக்கம் இழுக்கிறார்கள் என்பது. தூக்குக்குண்டு தொங்கும் திசைக்குச் செங்குத்தாக அதன் மேற்பரப்பு படுத்துக்கொள்ளும். பூமி உள்ளே ஒரே சீராக இருந்தால், எல்லா இடத்திலும் குண்டு ஒழுங்காகத் தொங்கும், தண்ணீர் மட்டமும் ஆரஞ்சின் தோலோடு அப்படியே பொருந்திவிடும். ஆனால் உள்ளே ஒரு பக்கம் கனமான பாறை, ஒரு பக்கம் சூடேறி லேசான பாறை. கனமான பக்கம் குண்டு ஒரு மயிரிழை சாயும், தண்ணீர் அந்தப் பக்கம் குவியும். லேசான பகுதிக்கு மேலே இருக்கும் தண்ணீரைச் சுற்றியுள்ளவை தங்கள் பக்கம் இழுத்துக்கொள்ளும், அங்கே பள்ளம் விழும்.

இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் அப்படி ஒரு பள்ளம் இருக்கிறது. உலகத்திலேயே ஆழமானது அதுதான். அதன் நடுவில் கடல்மட்டம் ஆரஞ்சுத் தோலுக்கு 106 மீட்டர் கீழே. தமிழ்நாடு மொத்தமும் அந்தப் பள்ளத்தின் சரிவில் உட்கார்ந்திருக்கிறது. நம் பங்குக்கு 90 மீட்டர்.

பள்ளம் என்றதும் அடுத்த கேள்வி வரும்: சுற்றியுள்ள தண்ணீர் ஏன் அதற்குள் ஓடி நிரப்பவில்லை? அந்த வழியாகப் போகும் கப்பல் இறங்கி ஏறாதா? இறங்காது. எது கீழ், எது மேல் என்று முடிவு செய்வதே ஈர்ப்புவிசைதான். அந்தக் கடல்பரப்பில் எங்கே ரசமட்டத்தை வைத்தாலும் குமிழி நடுவில்தான் நிற்கும். கப்பலில் இருப்பவருக்குக் கடல் சமதளம். வெளியே நின்று ஆரஞ்சை வைத்துப் பார்க்கிறவர் கண்ணுக்கு மட்டும் அது குழி. ஓடுவதற்குத் தண்ணீருக்குக் காரணமே இல்லை. இந்த ஒரு விஷயத்தை எத்தனை தடவை யோசித்தாலும் எனக்கு முதல் தடவை மாதிரியே இருக்கிறது.

1948இல் ஃபெலிக்ஸ் வெனிங் மைனெஸ் என்ற டச்சு ஆய்வாளர் இந்தக் குழியைக் கண்டு சொன்னார். கப்பலில் அலை ஆட்டத்தில் ஊசலை வைத்து அளக்க முடியாது என்பதற்காக நீர்மூழ்கிக் கப்பலில் ஊசலைக் கொண்டு போய் அளந்த மனிதர் அவர். பிறகு வானத்தில் இருந்தே அளந்தார்கள். 2002இல் ஏவிய கிரேஸ் என்ற செயற்கைக்கோள் ஜோடி, ஒன்றின் பின்னால் ஒன்றாகச் சுமார் 220 கிலோமீட்டர் இடைவெளியில் ஓடியது. முன்னால் போவது கனமான இடத்தை நெருங்கும்போது அது முதலில் இழுபட்டு வேகமெடுக்கும், இடைவெளி கூடும். அது தாண்டிப் போனதும் கனம் அதைப் பின்னால் இழுக்கும், பின்னால் வருவது வேகமெடுக்கும், இடைவெளி குறையும். இந்த நெருங்குவதையும் விலகுவதையும் தலைமுடித் தடிமனில் சிறு பங்கு அளவுக்குத் துல்லியமாக அளந்துகொண்டே பூமியைச் சுற்றின. அதில் இருந்து கிடைத்தது பூமியின் ஈர்ப்பு வரைபடம்.

குழி ஏன் வந்தது என்பதற்குப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் தேபஞ்சன் பால், அத்ரேயி கோஷ் இருவரும் 2023இல் ஒரு விளக்கம் கொடுத்தார்கள். 14 கோடி ஆண்டுக் கண்டத்தட்டு நகர்வைக் கணினியில் ஓட்டிப் பார்த்தார்கள். இந்தியா வடக்கே நகர்ந்து டெத்திஸ் என்ற பழைய கடலை மூடியபோது, அந்தக் கடலின் தரைத்தட்டு பூமிக்குள் புதைந்தது. அது ஆழத்தில் போய், ஆப்பிரிக்காவுக்கு அடியில் இருக்கும் சூடான பாறைத் திரளைக் கிளப்பிவிட்டது. அதில் இருந்து எழுந்த லேசான பாறை இந்தியப் பெருங்கடலுக்கு அடியில் பரவி நிற்கிறது. குழி இன்றைய உருவத்துக்கு வந்தது சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன்பு என்கிறது அவர்கள் கணக்கு. எல்லோரும் குழிக்கு நேர் கீழே என்ன இருக்கிறது என்று தோண்டிக்கொண்டிருக்க, இவர்கள் சுற்றிலும் என்ன இருக்கிறது என்று பார்த்தது எனக்குப் பிடித்தது.

இந்தச் செய்தி வந்த கையோடு என் வாட்ஸ்அப்புக்கு ஒரு வீடியோ வந்தது. கடலில் "ஈர்ப்பு இல்லாத ஓட்டை" இருக்கிறதாம், அங்கேதான் குமரிக்கண்டம் உள்ளே போனதாம், விஞ்ஞானிகள் மறைக்கிறார்களாம். மறைக்கிறவர்கள் ஏன் ஆய்வுக் கட்டுரை எழுதி வெளியிடுகிறார்கள் என்று பகிர்ந்தவர் யோசிக்கவில்லை. குழியின் நடுவில் போய் எடை போட்டால் அறுபது கிலோ ஆளுக்கு ஐந்து கிராம்கூடக் குறையாது. நம் ஊர்க் கல்லூரிகளில் அடிப்படை ஆய்வுக்குப் பணம் கேட்டால், "இதனால் யாருக்கு என்ன லாபம்" என்று கேட்டுத் திருப்பி அனுப்புகிறவர்களும் எனக்கு இந்த வீடியோக்காரர் மாதிரிதான் தெரிகிறார்கள். அதே கிரேஸ்தான் வடமேற்கு இந்தியாவில் நிலத்தடி நீர் எவ்வளவு வேகமாகக் காலியாகிறது என்று 2009இல் காட்டிக் கொடுத்தது. ஆயிரம் அடிக்கு போர் போட்டுவிட்டு வானத்தைப் பார்க்கிற சேலத்துக்காரனுக்கு அதன் லாபம் புரியும்.

போனுக்கு வருவோம். உள்ளே இருக்கும் ஜிபிஎஸ் சில்லு நொடிக்கு ஒரு வரி எழுதித் தள்ளுகிறது. அந்த வரியில் கடல்மட்ட உயரம் ஒரு கட்டம், அதை அடுத்து ஆரஞ்சுத் தோலுக்கும் கடல்மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு கட்டம். ஜெர்மனியில் அது கூட்டலில் 46 சொச்சம் என்று வரும், இங்கே கழித்தலில் வருகிறது. அந்தக் கட்டத்தைப் படிப்பதா வேண்டாமா என்பது செயலி எழுதியவர் இஷ்டம். பதின்மூன்றாயிரமோ எண்பதாயிரமோ, போனின் விலைக்கு இதில் வேலை இல்லை.

மறுநாள் காலை தம்பியின் செயலியில் செட்டிங்ஸைத் துழாவினோம். கடைசிப் பக்கத்தில், "கடல்மட்டத்துக்குத் திருத்து" என்ற பொருளில் ஒரு டிக் பெட்டி காலியாக இருந்தது. தட்டினான். 190 போய் 281 வந்தது. மாடிப்படியில் நின்றபடியே மாமாவுக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினான். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரு நிமிடம் பார்த்தார்.

"சரிடா, உயரத்தை விடு. உன் முகம் ஏன் இவ்வளவு மங்கலாத் தெரியுது? ஃப்ரண்ட் கேமரா எத்தனை மெகாபிக்சல்?"