பஞ்சக் கடிதம் எந்த அலமாரியில் இருக்கும்?

நூலகத்தில் நூல் தேடிப் பழகியவர் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குச் சென்று, 1876–78 பஞ்சம் பற்றிய தாள்கள் எங்கே என்று கேட்டால், எந்தத் துறை, எந்த ஆண்டு என்ற எதிர்க்கேள்வியே முதலில் வரும். காப்பகத்தில் தாள்கள் பொருள்வாரியாக அல்ல, அவற்றை உருவாக்கிய அலுவலகவாரியாக அடுக்கப்படுகின்றன. இந்த நெறிக்குத் தோற்ற மூலம் என்று பெயர்; 1841இல் பிரான்சின் உள்துறை அமைச்சகம் அனுப்பிய சுற்றறிக்கை, ஓர் அலுவலகத்தின் தாள்களை வேறொன்றின் தாள்களோடு கலக்கக் கூடாது என்று இதை விதியாக்கியது.

அலுவலகத்துக்குள் எழுத்தர் எந்த வரிசையில் கட்டிவைத்தாரோ அந்த வரிசையைக் கலைக்காமல் காப்பது மூல ஒழுங்கு எனப்படும். 1877இல் நிவாரணப் பணியாளருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியத்தை அடிப்படையாக வைத்து, பஞ்சப் பணிகளைப் பார்வையிட இந்திய அரசு அனுப்பிய பிரதிநிதி ரிச்சர்ட் டெம்பிள் கூலி வகுத்தபோது, அது உயிர்காக்கப் போதாது என்று மதராஸ் மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்தார். அத்தகைய எதிர்ப்புக் கடிதம் ஒன்றைப் பிரித்தெடுத்து 'உணவு' என்ற தலைப்பில் வைத்தால் அது வெறும் மருத்துவக் கருத்தாகிவிடும். எந்தக் கடிதத்துக்கு அது பதில், யார் குறிப்பெழுதினார், அடுத்து என்ன ஆணை பிறந்தது என்பதெல்லாம் முன்னும் பின்னும் உள்ள தாள்களில்தான் இருக்கின்றன. என் கணிப்பில், காப்பகச் சொற்களுள் தோற்ற மூலம், மூல ஒழுங்கு என்ற இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டவருக்கு மற்றவை தாமே விளங்கும். தேடற்கருவி என்பதும் பொருளகராதி அன்று. எந்த அலுவலகம் எந்தத் தொடர்களை உருவாக்கியது என்று காட்டும் வரைபடம்தான்.

எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்ற தீர்மானத்துக்கு மதிப்பிடல் என்று பெயர். தமிழக அரசு அலுவலகங்களில் அது கோப்பு முடியும்போதே, அதன்மேல் இடும் 'டிஸ்.' (டிஸ்போசல், அதாவது முடித்துவைத்தல்) குறியால் நடந்துவிடுகிறது: ஆர்.டிஸ். என்றால் நிரந்தரம், டி.டிஸ். பத்தாண்டு, கே.டிஸ். மூன்றாண்டு, எல்.டிஸ். ஓராண்டு. பழைய கடிதத்தின் தலைப்பில் பலர் பொருள் தெரியாமல் கடந்துபோகும் எழுத்துகள் இவை. ஆகவே ஒரு மனு காப்பகத்தில் கிடைக்கவில்லை என்றால், அப்படியொரு மனுவே எழுதப்படவில்லை என்று முடிவுகட்ட முடியாது, அதன்மேல் எல்.டிஸ். என்று எழுதப்பட்டிருக்கலாம்.