அகச்சிவப்பு அடுப்பும் அலைநீளமும்

1972-இலிருந்து மின்னணுத் தொழிற்சாலைகள் ஓடிக்கொண்டிருக்கும் இடம் பினாங்கு பாயான் லெப்பாஸ். பட்டர்வொர்த், பிறைப் பக்கமிருந்து ஷிப்டுக்கு வரும் நம்மவர்கள் பலருக்கு ரீஃப்ளோ அடுப்பு பழகிய இயந்திரம். சர்க்யூட் போர்டில் சாம்பல் நிற சால்டர் பேஸ்ட் (உருகி ஒட்டவைக்கும் உலோகப் பசை) தடவி, சிப்புகளை வைத்து, கன்வேயரில் உள்ளே விட்டால் எல்லாம் ஒட்டிக்கொண்டு மறுபக்கம் வரும். ஈயமில்லாத சால்டர் சுமார் 217 டிகிரி செல்சியஸில் உருகத் தொடங்கும். 250-ஐத் தாண்டினால் பல பாகங்களுக்கு ஆபத்து. கையில் இருப்பது இந்தச் சிறு இடைவெளிதான்.

1980களில் இந்த அடுப்புகளில் பல அகச்சிவப்புக் கதிரால் சூடேற்றின. இந்தக் கதிருக்குக் காற்றின் துணை வேண்டாம். எந்தப் பொருள் அதை உறிஞ்சுகிறதோ அங்கேதான் வெப்பமாகிறது. சிக்கலும் அங்கேதான். கறுப்புப் பிளாஸ்டிக் உடல்கொண்ட சிப் கதிரை வாங்கிக்கொள்ளும்; பக்கத்திலேயே பளபளக்கும் உலோகக் கால் அதைத் திருப்பி அனுப்பிவிடும். உயரமான கனெக்டரின் நிழலில் மாட்டிய பாகத்துக்குச் சூடே போதாது. ஒரே போர்டு, ஒரே நேரம், வெவ்வேறு வெப்பநிலை. அதனால்தான் இன்று பெரும்பாலான அடுப்புகள் சூடான காற்றையோ நைட்ரஜனையோ வீசுகின்றன.

அதற்காக அகச்சிவப்பை ஒதுக்கிவிட முடியாது. அலைநீளத்தைப் பொருளுக்கு ஏற்றபடி தேர்ந்தால் அது அருமையான கருவி. ஹீட்டர் சூடு ஏற ஏற அலைநீளம் குறையும். 2,200 டிகிரியில் எரியும் குவார்ட்ஸ் விளக்கின் கதிர் 1.2 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) அளவில் உச்சம் தொடும். 500 டிகிரி பீங்கான் ஹீட்டருக்கு அது 3.7 மைக்ரான். தண்ணீர் 3 மைக்ரானை ஒட்டிய கதிரை வெகு வேகமாக உறிஞ்சும். ஆகவே நீர் கலந்த மையையும் பெயின்டையும் உலர்த்த, கண்ணைப் பறிக்கும் விளக்கைவிட மங்கலாகச் சிவக்கும் ஹீட்டரே பொருத்தம்.

இதில் நிறத்தை நம்பக் கூடாது. நீண்ட அலைக்கு வெள்ளைப் பெயின்டும் கறுப்புப் பெயின்டும் ஏறக்குறைய ஒன்றே. இரண்டும் 90 விழுக்காடு அளவுக்கு உறிஞ்சும். சாதாரண சூட்டில் தூய சிலிக்கான் தகடு நம் கண்ணுக்குக் கண்ணாடிபோல் பளபளத்தாலும், 1.2 மைக்ரானுக்கு மேற்பட்ட கதிரில் ஏறக்குறைய பாதி அதை ஊடுருவிப் போய்விடும்.

பழுதான ஒரு சிப்பை மட்டும் கழற்ற இன்றும் அகச்சிவப்பு ரீவொர்க் மேசை உண்டு. கீழிருந்து போர்டு முழுவதையும் மிதமாகச் சூடாக்கி, மேலிருந்து அந்தச் சிப்பின் மீது மட்டும் கதிரைக் குவிப்பார்கள். பக்கத்துப் பாகங்களுக்கு அலுமினிய டேப். அது கதிரைத் திருப்பிவிடும். சிப்பின் ஓரத்தில் ஒட்டிய மெல்லிய தெர்மோகப்பிள் (வெப்பநிலை அளக்கும்) கம்பி சொல்லும் வெப்பநிலையைத்தான் நம்ப வேண்டும், ஹீட்டரில் செட் செய்த எண்ணை அல்ல.