வெறும் வயிற்றில் ஊசி போட்டால் பிள்ளை தாங்குமா?

போன கிழமை மறுபடியும் நடந்தது. மாமரத்தில் இருந்து விழுந்து முழங்கைக்கு மேலே எலும்பு முறிந்த ஆறு வயதுப் பையன், மட்டக்களப்பின் படுவான்கரைப் பக்கம் இருந்து முதல்நாள் இரவு வந்து வாட்டில் இருந்தவன். காலையில் ஏதும் கொடுத்தீர்களா என்று தாதி கேட்டார், வாட்டு டொக்டர் கேட்டார், தியேட்டர் வாசலில் மயக்க மருந்து கொடுக்கும் டொக்டரான நானும் கேட்டேன். மூன்று தரமும் அம்மம்மா சொன்னது “ஒண்டும் குடுக்கல்ல”. மயக்க ஊசி ஏறி அரை நிமிடத்தில் கண் செருகியது, அடுத்த நிமிடம் வாய் நிறையப் பாலும் பிஸ்கட்டும். கட்டிலின் தலைப்பக்கத்தை இறக்கி, பிள்ளையைச் சரித்து, உறிஞ்சி எடுத்து, குழாய் போட்டு முடிக்கும்வரை எங்களுக்கும் மூச்சு வரவில்லை. இரண்டு நாள் ஐசியூவில் இருந்துவிட்டுத் தப்பிவிட்டான். அம்மம்மா என் கையைப் பிடித்து அழுதார்: “வெறும் வயித்தில ஊசி போட்டா பிள்ளை தாங்குமா எண்டுதான் அரைக் கோப்பை குடுத்தன் மகள்.”

இந்த நினைப்போடுதான் எனக்குத் தினமும் போராட்டம். வெறும் வயிற்றில் குளிசை போட்டால் வயிறு எரியும் என்பது சில குளிசைகளுக்கு உண்மை, அவை வயிற்றுக்குள் போகின்றன. மயக்க ஊசி வயிற்றுப் பக்கம் போவதே இல்லை. கையில் போட்ட கனுலா என்ற சின்னக் குழாய் வழியாக நாளத்துக்குள் இறங்கி, இதயம் வழியாக மூளைக்குப் போகிறது, அதைத் தாங்குவதற்குச் சோறும் பாலும் ஒரு உதவியும் செய்யாது. பசியில் சோர்ந்துவிடுவான் என்று பயமா, சொல்லுங்கள், சீனி பார்ப்போம், சேலைன் ஏற்றுவோம். ஆனால் வயிற்றிலிருந்து மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கிய பாலை முழுவதுமாக எடுக்க எங்களிடம் வழி இல்லை.

மயக்கம் என்பது நித்திரையும் இல்லை. நித்திரையில் எச்சில் புரைக்கேறினால் இருமிக்கொண்டு எழும்புவீர்கள், இந்த மயக்கத்தில் அந்த இருமலே வராது. நாங்கள் அதிகம் பாவிக்கும் மயக்க மருந்தான புரொபோஃபோல் ஒரு தரம் போட்டால் ஐந்து, பத்து நிமிடத்தில் தெளியத் தொடங்கும், அதனால்தான் பம்பில் தொடர்ந்து ஏற்றுவோம் அல்லது வாயுவுக்கு மாற்றுவோம், பக்கத்தை விட்டு நகரமாட்டோம். கமரா விட்டு வயிறு பார்க்கக் கொடுக்கும் “சின்ன மயக்கத்துக்கும்” அதே பட்டினிதான். கெட்டமின் என்ற இன்னொரு மயக்க மருந்தில் மூச்சு பெரும்பாலும் நிற்காதுதான், அதனால் சாப்பிட்டவருக்கும் போடலாம் என்று சில டொக்டர்மாரே நினைக்கிறார்கள். தயவுசெய்து அதை நம்பவேண்டாம்.

சரி, கணக்கு இதுதான். சோறு, பிட்டு, பிஸ்கட், கஞ்சி, பால்மா எல்லாம் மயக்கத்துக்கு ஆறு மணித்தியாலத்துக்கு முன்னரே நிறுத்தவேண்டும், புரியாணி, கொத்து என்றால் எட்டு, தாய்ப்பால் நாலு. வெறும் தண்ணீரும் பால் விடாத பிளேன்டீயும் இரண்டு மணித்தியாலம் முன்வரை கொடுக்கலாம், பிள்ளையை விடியவிடியத் தாகத்தில் போடுவதும் பிழை. பால் தேத்தண்ணியும் தேத்தண்ணிதானே என்று வாதாடவேண்டாம், பால் வயிற்றுக்குள் திரைந்து கட்டியாகும். அன்று காலையில் வெத்திலை வேண்டாம். கட்டுப்பல்லைக் கழற்றுங்கள். குடிப்பழக்கம் இருந்தால் தனியாகவாவது என்னிடம் சொல்லுங்கள், மருந்தின் அளவு மாறும். வீட்டுக்குப் போய் ஒரு நாள் முழுக்க மோட்டார் சைக்கிளைத் தொடாதீர்கள்.

கொடுத்துவிட்டீர்களா? சொல்லிவிடுங்கள் அம்மா, ஏசமாட்டோம். அவசரமில்லை என்றால் பின்னேரம் செய்வோம், அவசரம் என்றால் வயிறு நிறைந்திருக்கிறது என்று தெரிந்தே வேறு முறையில் மயக்குவோம். விழுந்த பிள்ளை என்றால், விழுவதற்கு எவ்வளவு நேரம் முன்னர் சாப்பிட்டான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், வலியிலும் பயத்திலும் வயிறு நெடுநேரம் காலியாகாது. எத்தனை பேர் கேட்பது என்று சலிக்காதீர்கள், மூன்றாவது ஆளிடமாவது உண்மையைச் சொல்லுங்கள்.