அந்தப் பக்கம் எந்தக் கோப்பில் இருக்கிறது?

வேர்ட்பிரஸ் போன்ற மென்பொருளில் வலைத்தளம் ஒன்றைக் கையாளப் பழகுகிறவர்கள் பலரும் கேட்கும் கேள்வி இது: “நான் எழுதிய கட்டுரை எந்தக் கோப்பில் இருக்கிறது?” தளத்தைத் தாங்கும் கணினியான சர்வருக்குள் போய்க் கோப்புறைகளைத் துழாவினாலும் அப்படியொரு கோப்பு அகப்படாது. கட்டுரையின் தலைப்பும் உரையும் தரவுத்தளத்தின் ஓர் அட்டவணையில் இருக்கும். எழுதியவர் பெயர் வேறோர் அட்டவணையில் இருக்கும். படம் மட்டும் தனிக் கோப்பாக இன்னோரிடத்தில் கிடக்கும். வாசகர் திரையில் பார்க்கும் பக்கம், அவர் கேட்ட நொடியில் கட்டப்படுவது. இது பிடிபட்டுவிட்டால், மேலாண்மைத் திரையில் மிரட்டும் சொற்களில் பெரும்பாலானவை தாமாகவே புரிய ஆரம்பித்துவிடும்.

1990-91-ல் ஐரோப்பாவின் செர்ன் இயற்பியல் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ உலகின் முதல் வலைத்தளத்தை உருவாக்கிய காலத்தில் நிலைமை வேறு. ஒரு பக்கம் என்றால், வலைப்பக்கங்களை எழுதும் குறிமொழியான எச்.டி.எம்.எல்.-இல் ஒரு கோப்பு. முகவரியைக் கேட்டால் சர்வர் அந்தக் கோப்பை அப்படியே எடுத்துக் கொடுக்கும். பத்துப் பக்கம் வரை இதில் சிக்கல் இல்லை. நூறு பக்கம் உள்ள தளத்தில், அடியில் இருக்கும் தொலைபேசி எண் மாறினால் நூறு கோப்பையும் திறந்து திருத்த வேண்டும். எழுத்தையும் தோற்றத்தையும் பிரித்து வைத்தால் இந்தத் தொல்லை தீரும். தளத்தை நடத்த உதவும் மென்பொருள்களான உள்ளடக்க மேலாண்மை அமைப்புகளின் அடிப்படை அந்தப் பிரிவினைதான். 2001-ல் ட்ரூபல், 2003-ல் வேர்ட்பிரஸ், 2005-ல் ஜூம்லா என்று வந்தவை இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. சொற்கள் கொஞ்சம் மாறினாலும் உள்ளே நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால், இங்கே வேர்ட்பிரஸை வைத்தே சொல்கிறேன்.

வாசகரின் உலாவி ஒரு முகவரியை அனுப்புகிறது. சர்வரில் இருக்கும், பி.எச்.பி. என்ற நிரல்மொழியில் எழுதிய நிரல் அந்த முகவரியைப் படித்து, என்ன கேட்கப்படுகிறது என்று கண்டுகொள்கிறது. தரவுத்தளத்திலிருந்து உரியதை எடுக்கிறது. பிறகு வார்ப்புரு என்னும் அச்சில் அதைப் பொருத்துகிறது: தலைப்பு இங்கே, படம் இங்கே, உரை இங்கே. இப்படிப்பட்ட வார்ப்புருக்களும் நிறம், எழுத்துரு பற்றிய விதிகளும் சேர்ந்த தொகுப்புக்குத்தான் தீம் என்று பெயர். தீமை மாற்றினால் எழுதியதெல்லாம் போய்விடுமோ என்று பயப்படுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். போகாது. எழுத்து தரவுத்தளத்தில் பத்திரமாக இருக்கிறது, மாறுவது அச்சு மட்டுமே.

பிளகின் என்பது இந்தப் பாதையில் இடையே புகுந்து வேலை செய்யும் கூடுதல் நிரல். வேர்ட்பிரஸ் தன் ஓட்டத்தின் பல இடங்களில் கொக்கிகளை விட்டு வைத்திருக்கிறது. ‘உரையை வாசகருக்கு அனுப்புமுன் என்னைக் கூப்பிடு’ என்று பிளகின் ஒரு கொக்கியில் தன்னை மாட்டிக்கொள்ளும். மூல நிரலில் ஒரு வரியைக்கூடத் தொடாமல் புதிய வசதி சேர்ந்துவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. ஆனால் எல்லாப் பிளகின்களும் ஒரே ஓட்டத்திற்குள் இயங்குவதால், ஒன்று பிழை செய்தாலும் தளம் முழுக்க நின்றுபோகலாம். தளம் திடீரென வெறுமையாகத் தெரிந்தால் பிளகின்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

பதிவு, பக்கம் என்று இரண்டு சொற்கள் புதியவர்களைக் குழப்பும். பதிவுக்குத் தேதி முக்கியம், வரிசையாக வந்துகொண்டே இருக்கும். ‘எங்களைப் பற்றி’ போல நிலையாக நிற்பது பக்கம். வியப்பு என்னவென்றால், உள்ளே இரண்டும் ஒரே அட்டவணையில்தான் இருக்கின்றன. எது எந்த வகை என்று அட்டவணையின் ஒரு நெடுவரிசையில் குறித்திருக்கும், அவ்வளவே. வரைவும் அப்படித்தான். ‘வெளியிடு’ பொத்தானை அழுத்தும்போது கட்டுரை எங்கும் இடம்பெயர்வதில்லை. நிலையைக் குறிக்கும் நெடுவரிசையில் ‘வரைவு’ என்பதற்கான சொல் ‘வெளியானது’ என்பதற்கான சொல்லாக மாறுகிறது. பழைய திருத்தங்களும் அதே அட்டவணையில் தனித்தனி வரிசைகளாகக் காத்திருக்கின்றன. குப்பைக்குப் போனதும் உடனே அழிவதில்லை, வழக்கமான அமைப்பில் 30 நாள் அங்கேயே இருக்கும்.

நேரம் குறித்து வைக்கும் வெளியீட்டில் மட்டும் ஒரு சூட்சுமம் உண்டு. வேர்ட்பிரஸிடம் தானாக விழித்துக்கொள்ளும் கடிகாரம் இல்லை. யாராவது தளத்திற்கு வரும்போதுதான் ‘நேரமான வேலை ஏதும் உண்டா’ என்று பார்க்கும். காலை 6 மணிக்கு என்று குறித்த பதிவு, ஆள் வராத தளத்தில் 8 மணிக்கு வெளியாவது இப்படித்தான்.

வகை என்பது அலமாரித் தட்டு, தட்டுக்குள் தட்டு வைக்கலாம். குறிச்சொல்லுக்கு அந்த அடுக்கு கிடையாது. பயனர் பொறுப்புகளில் பங்களிப்பாளர் எழுதலாம், வெளியிட முடியாது. எழுத்தாளர் தம்முடையதை வெளியிடலாம். ஆசிரியர் பிறருடையதிலும் கை வைக்கலாம். தீம், பிளகின் இரண்டையும் நிர்வாகி மட்டுமே மாற்ற முடியும். எல்லாரையும் நிர்வாகியாக்கிவிடுவது பெரிய தவறு. ஒருவர் கடவுச்சொல் கசிந்தாலும் தளமே கைமாறிவிடும்.

தமிழில் எழுதுகிறவர்கள் அவசியம் அறிய வேண்டிய சொல் ஸ்லக். முகவரியின் கடைசியில் கட்டுரையை அடையாளம் காட்டும் துண்டு அது. செய்தித்தாள் அலுவலகங்களில் ஒரு செய்திக்கு வைக்கும் சுருக்கப் பெயரிலிருந்து வந்தது. தமிழ்த் தலைப்பை அப்படியே ஸ்லக்காக விட்டால் என்ன ஆகும்? கணினி எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யுனிகோடில் ‘தமிழ்’ என்பது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 குறிகள். அவற்றைச் சேமிக்கும் யு.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் ஒரு விழுக்காட்டுக் குறியோடு 3 எழுத்தாக விரியும். ஆக, ‘தமிழ்’ என்ற ஒரு சொல் 45 எழுத்து. ஸ்லக்குக்கு வேர்ட்பிரஸ் ஒதுக்கியிருப்பதோ 200 எழுத்து. சுமார் 22 குறிகளில் தலைப்பு பாதியில் அறுந்துவிடும். அதனால் தமிழ்த் தலைப்புக்கு ஓரிரு சொல்லில் ஸ்லக்கை நாமே வைப்பது நல்லது, அதையும் வெளியிடுமுன் வைத்துவிட வேண்டும். வெளியான பதிவின் ஸ்லக்கை மாற்றினால் வேர்ட்பிரஸ் பழைய முகவரியை நினைவில் வைத்து, ‘நிரந்தரமாக இடம் மாறியது’ எனச் சொல்லும் 301 என்ற குறியோடு புதியதற்குத் திருப்பிவிடும். பக்கங்களுக்கு இந்தச் சலுகை இல்லை. அங்கே பழைய இணைப்பில் வருகிறவர் பெரும்பாலும் ‘பக்கம் கிடைக்கவில்லை’ என்னும் 404-ஐத்தான் பார்ப்பார்.

இனி கேச். ஒவ்வொரு முறையும் தரவுத்தளத்தைக் கேட்டுக் கேட்டுப் பக்கத்தைக் கட்டுவது சர்வருக்குச் சுமை. ஆயிரம் பேர் ஒரே கட்டுரையைக் கேட்டால் ஆயிரம் முறை அதே வேலை. ஆகவே முதல் முறை கட்டிய பக்கத்தைப் பல தளங்களில் ஓர் எச்.டி.எம்.எல். கோப்பாகவே சேமித்து, அடுத்து வருபவர்களுக்கு அதையே கொடுக்கிறார்கள். பிழையைத் திருத்திய பிறகும் திரையில் பழையதே தெரிவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். முதலில் தேடிய அந்தக் கோப்பு, ஒருவகையில், இங்கேதான் இருக்கிறது. ஆனால் அதைத் திறந்து திருத்திப் பயனில்லை, அடுத்த முறை கேச் புதுப்பிக்கப்படும்போது தரவுத்தளத்தில் இருப்பது அதன்மேல் எழுதப்பட்டுவிடும்.